பாட்டும் பெட்டியும்: வாசகர் கேள்வி பதில்

பாடுகிறவர்கள், பாட்டைப் பதிவு செய்கிறவர்கள், பழைய பதிவுகளைக் காப்பாற்றத் துடிக்கிறவர்கள் – இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இவர்களுடையவை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கைப்பேசியில் கரோக்கேயை ஓடவிட்டு, ப்ளூடூத் இயர்போன் மாட்டிக்கொண்டு பாடுகிறேன். பாடும்போது தாளம் சரியாகத்தான் இருக்கிறது. பதிவைக் கேட்டால் நான் தாளத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன். மூன்று செயலிகளை மாற்றிப் பார்த்துவிட்டேன். – மன்னார்குடி வாசகி

குற்றம் உங்கள் தாளத்திலும் இல்லை, செயலியிலும் இல்லை. இயர்போனில் இருக்கிறது.

ப்ளூடூத்தில் பாட்டு அப்படியே காதுக்கு வந்துவிடுவதில்லை. கைப்பேசி அதைச் சுருக்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. நடுவில் ஒரு பொட்டலம் தவறினாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாதே என்று இயர்போன் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டுதான் பிரித்து ஒலிக்கிறது. சாதாரண இயர்போன்களில் இதற்கு 150 முதல் 250 மில்லி விநாடி ஆகும். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆக, 200 மில்லி விநாடித் தாமதம் என்பது, தேரடியில் அடிக்கும் தவிலுக்குக் கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி நின்று தாளம் போடுவதற்குச் சமம். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு 500 மில்லி விநாடிதான். ஏறக்குறைய அரைத் தட்டு பின்தங்குகிறீர்கள்.

கம்பியுள்ள இயர்போனுக்கு மாறுங்கள். 3.5 மி.மீ. துளை இல்லாத கைப்பேசி என்றால் டைப்-சி மாற்றி ஒன்று போதும். ப்ளூடூத் மைக்கையும் பாட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். அந்த மைக் திறந்ததுமே பெரும்பாலான இயர்போன்கள் தொலைபேசிப் பேச்சு முறைக்குத் தாவிவிடும். சிடியில் விநாடிக்கு 44,100 மாதிரி (ஒலியை அளந்து எண்ணாக்கும் ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி) எடுக்கும் இடத்தில் இங்கே 8,000 அல்லது 16,000 தான்; அதுவும் ஒற்றைத் தடம்.

ஏற்கெனவே பாடியதை அழிக்க வேண்டாம். தாமதம் பாட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவாகவே இருக்கும். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் குரலை ஒரு தடத்திலும் கரோக்கேயை இன்னொன்றிலும் வையுங்கள். தட்டின் மேல் விழ வேண்டிய ஒரு வல்லின எழுத்தை, ‘க’வோ ‘த’வோ, தேடிப் பிடியுங்கள், அலைவடிவத்தில் அது செங்குத்தாக எழும். அதைத் தட்டோடு பொருத்திக் குரல் தடத்தை முழுவதுமாக முன்னால் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

லேப்டாப்பில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வைத்துப் பாடுகிறவர்கள் பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலியின் அளவை, 128 மாதிரியாக வையுங்கள். 48,000 வேகத்தில் அது 2.7 மில்லி விநாடிதான். ‘டப் டப்’ என்று வெடித்தால் கணினி திணறுகிறது என்று பொருள்: 256 ஆக்குங்கள். பாடி முடித்துக் கலவை செய்யும்போது 1,024-க்குப் போனாலும் கெடுதல் இல்லை.

தோடியின் சாயலில் ஒரு மெல்லிசைப் பாட்டைப் பதிவு செய்து ஆட்டோ-ட்யூன் போட்டோம். கமகமெல்லாம் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. அளவைக் குறைத்தால் சுருதி சரியாவதில்லை. நம் பாட்டுக்கு இது ஒத்தே வராதா? – கும்பகோணம் வாசகர்

வரும். ஆனால் தானாகத் திருத்திக்கொள் என்று விட்டுவிட்டால் வராது.

இந்த மென்பொருளை அன்டாரஸ் நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் நிறுவனங்களுக்காக வேலை பார்த்தவர். பூமிக்குள் செலுத்திய அதிர்வு எப்படித் திரும்பி வருகிறது என்பதை வைத்துப் பாறை அடுக்குகளைக் கணக்கிடும் வேலை. அதே வகைக் கணக்கைக் குரலின் பக்கம் திருப்பினார். ‘ஆ’ என்று நீட்டும்போது ஒரே அலைவடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று அளந்தால் சுருதி தெரிந்துவிடும். பன்னிரண்டு ஸ்வரங்களில் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே குரலை இழுத்துவிடுவதுதான் மிச்ச வேலை. எத்தனை விரைவாக இழுப்பது என்பதை ‘ரீட்யூன் ஸ்பீடு’ என்ற திருகு முடிவு செய்கிறது. 0 என்றால் அந்தக் கணமே. 1998-இல் அமெரிக்கப் பாடகி ஷெர் பாடிய ‘பிலீவ்’ பாட்டில் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். அந்த உலோகக் குரல் அதில் பிறந்ததுதான்.

இப்போது தோடியின் காந்தாரத்துக்கு வாருங்கள். அது ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமே அல்ல. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடுவதுதான் அதன் உருவம். மென்பொருளின் கணக்கில் அது நிலைகொள்ளாமல் தடுமாறும் குரல். வழியில் இருக்கும் ஒவ்வொரு ஸ்வரத்திலும் பிடித்துப் பிடித்து நிறுத்துகிறது. உங்கள் படிக்கட்டு அப்படி வந்தது.

முதலில் ஸ்வரங்களைச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள். மேடையில் நாம் கட்டைக் கணக்குச் சொல்வோம். மென்பொருள் மேல்நாட்டுப் பெயர் கேட்கும். 1 கட்டை ‘சி’, 2 ‘டி’, 3 ‘இ’, 4 ‘எஃப்’, 5 ‘ஜி’, 6 ‘ஏ’. அரை சேர்ந்தால் ஷார்ப்; ஐந்தரைக் கட்டை என்பது ‘ஜி ஷார்ப்’. 2 கட்டையில் மோகனம் பாடினால் டி, இ, எஃப் ஷார்ப், ஏ, பி என்ற ஐந்தை மட்டும் விட்டுவைத்து மற்ற ஏழையும் அணைத்துவிட வேண்டும். பன்னிரண்டையும் திறந்து வைத்துவிட்டுத் தப்பான இடத்துக்கு இழுக்கிறதே என்று கோபித்துப் பயனில்லை.

அடுத்தது சுருதிப் பெட்டி. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. மென்பொருள் ‘ஏ’ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டிருக்கும். பெட்டியின் நுண்திருகை யாரோ கொஞ்சம் இறக்கி வைத்திருந்தால், பாடகி பெட்டியோடு ஒட்டிச் சரியாகப் பாடியிருப்பார். சுருதி சேர்ந்திருந்த குரலை மென்பொருள்தான் சுருதியிலிருந்து விலக்கும். பெட்டியின் ஸட்ஜத்தை ட்யூனர் செயலியில் பாருங்கள். 16 சென்ட் (பக்கத்துப் பக்கத்து ஸ்வரத்தானங்களின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைவாகக் காட்டினால் மென்பொருளில் 440-ஐ 436 ஆக மாற்றுங்கள்.

தம்புரா பின்னால் ஒலிக்கும் பாட்டு என்றால் இன்னொரு சிக்கல். தம்புராவின் நாதத்துக்குள்ளேயே கேட்கும் அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட் மேலே இருக்கிறது; கீபோர்டின் காந்தாரம் 400 சென்ட். அந்த 14 சென்ட்டைத்தான் நல்ல காது உள்ள பாட்டிமார் ‘எங்கியோ கூசுது’ என்பார்கள். பஞ்சமத்தில் வித்தியாசம் வெறும் 2 சென்ட், யாருக்கும் உறுத்தாது.

இத்தனையும் சரி செய்தபிறகு, வேகத்தை 40 முதல் 60 மில்லி விநாடியில் வைத்து நீண்ட கார்வைகளை மட்டும் திருத்தவிடுங்கள். கமகம் வரும் சொற்களில் அந்தக் கருவியையே ஆட்டோமேஷன் கோட்டால் (எந்த இடத்தில் கருவி இயங்க வேண்டும் என்று வரைந்து காட்டும் கோடு) அணைத்துவிடுங்கள். இதைவிட நல்லது, மெலடைன் போல ஒவ்வொரு ஸ்வரத்தையும் கண்ணால் பார்த்துக் கையால் திருத்தும் மென்பொருள். அதில் ஸ்வரத்தின் நடுப்புள்ளி, மெதுவான நழுவல், விரைவான அசைவு மூன்றும் தனித்தனித் திருத்தங்கள். ஒரே கமகத்தை அது நாலைந்து துண்டாக வெட்டி வைத்திருக்கும். முதலில் துண்டுகளை ஒட்டுங்கள். பிறகு நடுவையும் நழுவலையும் சரி செய்யுங்கள். அசைவின் மேல் கை வைக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய தோடி அதற்குள்தான் இருக்கிறது.

இன்னொன்று: சுருதித் திருத்தம் வரிசையில் முதலில், ரிவர்ப் (எதிரொலி) கடைசியில். பாடும்போது கரோக்கே ஸ்பீக்கரில் ஓடி மைக்கில் கசிந்திருந்தால் மென்பொருளுக்கு இரண்டு சுருதி கேட்டு விக்கல் எடுக்கும். அதற்கு மருந்து இல்லை. ஹெட்போன் போட்டு மறுபடி பாட வேண்டியதுதான்.

128 கேபிபிஎஸ் எம்பி3 பாட்டுகளை 320 ஆக மாற்றினால் தரம் உயருமா? – நாமக்கல் வாசகர்

உயராது. 128-இல் பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருந்ததையும், காதுக்குத் தெரியாது என்று நினைத்த வேறு பலவற்றையும் எம்பி3 அப்போதே எறிந்துவிட்டது. இப்போது மாற்றினால் கோப்பு இரண்டரை மடங்கு பருக்கும். இன்னொருமுறை சுருக்கியதால் கொஞ்சம் கெட்டும் போகும்.

அப்பா நடத்திய மெல்லிசைக் குழுவின் கச்சேரிகள் 22 கேசட்டுகளில் இருக்கின்றன. முப்பது வருடமாக ஓட்டவில்லை. கணினிக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்? – மதுரை வாசகர்

இன்றைக்கே ஒன்றை எடுத்து டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி) போட்டுவிடாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் கேசட்டின் கண்ணாடி வழியே நாடாவின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படர்ந்திருந்தால் பூஞ்சை. அதைத் தனியே வையுங்கள். ஓட்டினால் டெக்கின் தலை வழியே மற்ற கேசட்டுகளுக்கும் தொற்றும்.

அடுத்து, நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா பாருங்கள். செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும். பசை காய்ந்து பல கேசட்டுகளில் விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் ஒலி போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கும். ஐந்து திருகாணி போட்ட கேசட் என்றால் நாடாவை எடுத்து வேறு நல்ல கூட்டுக்குள் மாற்றிவிடலாம். ஒட்டி அடைத்த கூட்டை விளிம்பில் கத்தியால் நெம்பிப் பிளக்க வேண்டியிருக்கும். மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள். உள்ளே இருக்கும் உருளைகள் உருண்டோடிவிடும்.

டெக் நல்லதாகக் கிடைப்பதுதான் இன்றைக்குக் கஷ்டம். விளையாட்டுச் சாமான் போன்ற யூஎஸ்பி கேசட் பிளேயர்கள் வேண்டாம். நாடா சீராக ஓடாமல் குரல் அலையும். பழுது பார்த்த பழைய டெக்கே மேல். தலை, நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு இரண்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் பழுப்பு வராதவரை துடையுங்கள். ரப்பர் உருளை பளபளவென்று இறுகியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். நாடாவைத் தின்பது அதுதான். பிறகு ஒவ்வொரு கேசட்டையும் ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்த சுற்று இளகும். 120 நிமிடக் கேசட்டின் நாடா மட்டும் 9 மைக்ரான் கனம்தான். அதை விரைவாகச் சுற்றாமல் சாதாரண வேகத்திலேயே ஓடவிடுங்கள்.

தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். தலையின் சாய்வை அது மாற்றும். பதிவு செய்த டெக்கின் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒத்திருக்காது; 22 கேசட்டுக்கும் 22 முறை இதைச் சரி செய்ய வேண்டும். இரண்டு தடங்களையும் ஒன்றாகக் கலந்து கேட்டுக்கொண்டே ஒரு கால் சுற்றுக்குள் இப்படி அப்படித் திருப்புங்கள். ஜால்ராவும் ‘ஸ’கரமும் சட்டென்று தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த ஒரு வேலை தரும் பலனை எந்த மென்பொருளும் பின்னால் தராது.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து எடுங்கள். லேப்டாப்பின் ஒற்றைத் துளை பெரும்பாலும் ஒரே தட மைக்குக்கானது. லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். அளவு மிக உரத்த இடத்திலும் –6 டெசிபெலைத் தாண்டக் கூடாது. பதிவின்போது டால்பி (இரைச்சலைக் குறைக்கும் முறை) போட்டிருந்தால் மட்டும் டெக்கில் டால்பியைப் போடுங்கள். உள்ளூர்க் கச்சேரிப் பதிவுகளில் அநேகமாக இருக்காது.

வேகம் சரியா என்று பார்க்க ஒரு தந்திரம். மேடையில் பதிவான மின்சார ‘ங்ங்’ ஒலி 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். மென்பொருளின் அலைவரிசைப் படத்தில் அது 52-இல் தெரிந்தால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. சுருதி அரைக் கட்டையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருக்கும். அதே அளவு இறக்கிவிடுங்கள். நாடாவை நிறுத்தியபின்னும் கேட்கும் ‘ங்ங்’ உங்கள் வீட்டு வயரிங்குடையது. அதை வைத்துக் கணக்கிட்டுவிடாதீர்கள்.

இரைச்சலை நீக்கும்போது ஆசை வேண்டாம். 6 டெசிபெல் குறைத்தால் போதும். 20 குறைத்தால் பாட்டு தண்ணீருக்குள் கொப்பளிக்கும். திருத்தாத மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். கேசட்டையும் வீசிவிடாதீர்கள்.

தாத்தாவின் பெட்டியில் 78 சுற்று இசைத்தட்டுகள் கிடைத்தன. புதிதாக வாங்கிய டர்ன்டேபிளில் போட்டால் பாட்டைவிட இரைச்சல் அதிகம். ஸ்பிரிட்டால் துடைக்கலாமா? – பருத்தித்துறை வாசகர்

ஸ்பிரிட் படவே கூடாது. அந்தத் தட்டுகள் அரக்குக் கலவையில் செய்தவை. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும், பாட்டும் கூடவே போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திர சோப்பு, மெல்லிய துணி, உடனே உலர்த்தல், அவ்வளவே. இரைச்சலுக்குக் காரணம் ஊசி. எல்பி (78-க்குப் பின் வந்த நீண்ட நேர இசைத்தட்டு) ஊசியின் முனை 0.018 மி.மீ. அளவு, 78-க்கு வேண்டியது 0.076 மி.மீ. சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கை உரசிக்கொண்டு போகிறது. உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) 78 ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

பழைய சினிமாப் பாட்டில் குரலை நீக்கிக் கரோக்கே செய்ய முடியுமா? ஒரு செயலியில் சில பாட்டுகளுக்கு ஓரளவு வருகிறது, சிலவற்றில் எல்லாமே மறைந்துவிடுகிறது. – சேலம் வாசகர்

நீங்கள் பயன்படுத்தியது பழைய கழித்தல் முறை. ஸ்டீரியோவில் பாடகர் குரல் நடுவில், அதாவது இரண்டு தடத்திலும் ஒரே அளவில் இருக்கும். ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால் குரல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆனால் பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் நடுவில்தானே இருக்கின்றன? அவையும் போய்விடும். குரலுக்குப் போட்ட எதிரொலி இரு பக்கமும் வேறுவேறாக இருப்பதால், ஆள் போனபின் ஆவிபோல் அது மட்டும் நிற்கும். பழைய பாட்டுகள் பல மோனோ. இரண்டு தடமும் அச்சு அசல் ஒன்று என்பதால் கழித்தால் மிச்சம் மௌனம்தான்.

இப்போதைய வழி வேறு. குரல், டிரம்ஸ், பாஸ், மற்றவை என்று தனித்தனியே பதிவான ஏராளமான பாட்டுகளைக் கொடுத்துக் கணினியைப் பழக்கியிருக்கிறார்கள். அலைவரிசைப் படத்தில் எந்தப் புள்ளி யாருடையது என்று அது ஊகித்துப் பிரிக்கிறது. மோனோவிலும் வேலை செய்யும். டீசர் நிறுவனம் 2019-இல் இலவசமாக விட்ட ஸ்ப்ளீட்டர் இதைப் பரவலாக்கியது. மெட்டாவின் டிமக்ஸ் அதைவிடச் சுத்தமாகப் பிரிக்கும். பீட்டில்ஸ் குழுவின் ‘நவ் அண்டு தென்’ 2023-இல் வெளிவந்ததற்கும் இவ்வகைப் பிரிப்பே காரணம். அக்குழுவின் ஜான் லெனன் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பாடியது அது. 1995-இல் முயன்று, பியானோவிலிருந்து குரலைப் பிரிக்க முடியாமல் கைவிட்டிருந்தார்கள்.

நம் பாட்டில் இது சறுக்கும் இடங்கள் உண்டு. பழக்கிய பாட்டுகள் பெரும்பாலும் மேல்நாட்டு பாப் என்பதால், மிருதங்கத்தின் வலந்தலை டிரம்ஸ் தடத்துக்கும் இடந்தலை பாஸ் தடத்துக்கும் பிரிந்து போவதுண்டு. குரலோடு இழைந்து போகும் வயலினும் குழலும் குரல் தடத்துக்குள் கசியும். கரோக்கேதான் வேண்டும் என்றால் நாலாகப் பிரிக்காதீர்கள். ‘குரல்’, ‘குரல் இல்லாதது’ என்று இரண்டாகப் பிரித்தால் போதும். கிடைக்கும் மிகச் சிறந்த பிரதியைக் கொடுங்கள், சிடியாக இருந்தால் உத்தமம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் டிமக்ஸ் பாட்டின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும். குரல் போன இடம் ஓட்டையாகக் கேட்டால் மூலப் பாட்டையே –20 டெசிபெல் அளவில் அடியில் கலந்துவிடுங்கள். பாடகர் மேலே பாடும்போது அது தெரியாது.

பாட்டு என்றால் ஏன் எல்லா ஊரிலும் மூன்று நாலு நிமிடம்? – சிங்கப்பூர் வாசகி

10 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். அரை மணி நேரம் விரியும் ராகத்தையும் அதற்குள் அடக்கினார்கள். 1902-இல் கல்கத்தாவில் பதிவான பாட்டின் முடிவில் பாடகி கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்கலாம். ஜெர்மனியில் தட்டு அச்சிடுகிறவர் லேபிளை மாற்றி ஒட்டிவிடக் கூடாதே! நீளம் மட்டுமில்லை, பாடும் முறையும் பெட்டி சொன்னபடிதான் மாறியது. 1925 வரை பெரிய கொம்புக்குள் உரக்கப் பாட வேண்டும். அந்த ஆண்டு மைக் வழிப் பதிவு வந்ததும் காதருகில் முணுமுணுக்கும் பாட்டு பிறந்தது.

1948-இல் எல்பி வந்து ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கொடுத்தது. அப்போதும் வானொலிக்கும் 1949-இல் வந்த 45 சுற்றுத் தட்டுக்கும் மூன்று நிமிடமே வசதியாக இருந்ததால் பழக்கம் மாறவில்லை. இப்போது ஸ்பாட்டிஃபை, ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு வைக்கிறது. பல்லவிக்கு முன் ஒரு நிமிடம் வயலின் கூட்டம் வாசிக்கும் துணிச்சல் இன்று குறைந்துபோனதில் வியப்பில்லை. நமக்கு அது நஷ்டம்தான்.

எங்கள் பாட்டை முடிந்தவரை சத்தமாக மாஸ்டர் செய்து (வெளியிடுமுன் ஒலியளவைக் கடைசியாகச் சரிப்படுத்தி) யூடியூபில் ஏற்றினோம். மற்ற பாட்டுகளைவிடச் சோர்ந்து கேட்கிறது. – கோவை இசைக்குழு

அதிகச் சத்தம்தான் காரணம். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் பாட்டின் சராசரி உரப்பை –14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) அருகிலும், ஆப்பிள் மியூசிக் –16 அருகிலும் வைக்கின்றன. நீங்கள் –8-இல் கொடுத்தால் 6 டெசிபெல் இறக்கிவிடுவார்கள். சத்தம் ஏற்றுவதற்காக லிமிட்டர் (உச்ச ஒலியை மடக்கும் கருவி) நசுக்கிய தவில் அடியும் டிரம் அடியும் மட்டும் நசுங்கியபடியே இருக்கும். நசுக்காத பாட்டு அதே அளவில் துள்ளும். கணினியில் வீடியோ மேல் வலது சொடுக்குச் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்து பாருங்கள். எத்தனை டெசிபெல் மிகுந்திருக்கிறது என்று அங்கேயே தெரியும்.

–14-ஐயே பிடித்துத் தொங்க வேண்டாம். –11, –12 வரை பாட்டுக்கு ஏற்றபடி போகலாம். அலையின் உண்மையான உச்சம் (ட்ரூ பீக்) மட்டும் –1 டெசிபெலைத் தாண்டக் கூடாது. சுருக்கும்போது அலை கொஞ்சம் எழும்பி உடையும். பாதிப் பேர் கைப்பேசி ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். பாஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டாது. பாஸ் தடத்தில் சிறிது சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் விளைவு) சேர்த்தால் மேலே துணை ஒலிகள் எழும். அவற்றைக் கேட்டுக் காதே அடி ஸ்வரத்தை நிரப்பிக்கொள்ளும்.

பழைய கீபோர்டின் பின்னால் ஐந்து ஊசித் துளைகள் ‘மிடி’ என்று இருக்கின்றன. லேப்டாப்போடு சேருமா? – ஈரோடு வாசகர்

சேரும். மிடி 1983-இல் வந்த பொதுமொழி. மின்னணு இசைக்கருவிகள் தயாரித்த டேவ் ஸ்மித், இகுதாரோ காகேஹாஷி இருவரும் முன்னின்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் கீபோர்டு இன்னொன்றோடு பேசாது. மூன்றே ஆண்டில், 1986-இல், ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி வழி இசை சேர்த்தார். மிடி கம்பியில் ஒலி போவதில்லை. எந்தக் கட்டை, எத்தனை அழுத்தமாக, எப்போது விட்டார் என்ற குறிப்பு மட்டும் விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் போகிறது. அழுத்தம் 0 முதல் 127 வரை.

யூஎஸ்பி மிடி கேபிள் வாங்குங்கள். ‘இன்’ என்று எழுதிய முனையைக் கீபோர்டின் ‘அவுட்’டில் செருகுங்கள், வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பாதி இதுதான். ஒரு கட்டைக்கு இரண்டு ஒலி கேட்டால் கீபோர்டில் ‘லோக்கல் கன்ட்ரோல்’ (கட்டையை அழுத்தினால் கீபோர்டு தானே ஒலிக்கும் வசதி) அணையுங்கள். ஒரு ஸ்வரம் நிற்காமல் ஊளையிட்டால் மென்பொருளின் ‘பேனிக்’ பொத்தான். சுருதியை ஏற்றி இறக்கும் வளைவுச் சக்கரம் வழக்கமாக மேலும் கீழும் இரண்டு ஸ்வரத்தானம்தான் போகும். நாதஸ்வரப் பிடிகளுக்கு அது போதாது. கீபோர்டிலும் மென்பொருளிலும் ஒரே எண்ணாக உயர்த்துங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் அபஸ்வரம்.

மறைந்த பாடகர் குரலில் செயற்கை நுண்ணறிவு பாடுகிறதே, அந்தக் கமகம் யாருடையது? நாங்களும் செய்யலாமா? – திருநெல்வேலி வாசகி

நல்ல கேள்வி. 2024-இல் ‘லால் சலாம்’ படத்தில் ஏ.ஆர். ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் இப்படிக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். பொதுவாகக் குரல் மாற்றத்தில் உயிரோடு இருக்கும் ஒருவர் முழுப் பாட்டையும் பாடுவார். சுருதி, தாளம், மூச்சு, கமகம் எல்லாம் அவருடையவை. இயந்திரம் குரலின் நிறத்தை மட்டும் மாற்றுகிறது. பாடியவர் சுமாராகப் பாடினால், மறைந்தவரும் சுமாராகத்தான் பாடுவார்.

பழக்குவதற்குப் பின்னணி இசையோ எதிரொலியோ இல்லாத தனிக் குரல் பத்து நிமிடமாவது வேண்டும். பாட்டிலிருந்து பிரித்தெடுத்த குரலைக் கொடுத்தால் அதில் ஒட்டியிருக்கும் வயலின் மிச்சமும் குரலின் குணம் என்று கற்றுக்கொள்ளும். இலவசக் கருவிகள் பல ஆங்கிலப் பேச்சில் பழகியவை. ழகரம், ளகரம், றகரம் மழுங்குகின்றனவா என்று முதல் வரியிலேயே கேட்டுப் பாருங்கள். மழுங்கினால் பாடுகிறவர் அந்த எழுத்துகளைச் சற்று அழுத்திப் பாட வேண்டும்.

செய்யலாமா என்றால், குடும்பத்தாரின் எழுத்து வழிச் சம்மதம் இல்லாமல் வேண்டாம். எந்தப் பாட்டுக்கு, எங்கெல்லாம் வெளியிட, எத்தனை காலத்துக்கு, பழக்கிய மாதிரியைப் பிறகு அழிப்பதா என்ற நான்கும் அந்தத் தாளில் இருக்கட்டும். பழைய பாட்டையே மறுபடி பாடவைத்தால் இசை, வரி ஆகியவற்றின் உரிமை தனி. இந்தியாவில் இசையமைப்பாளரும் கவிஞரும் மறைந்து 60 ஆண்டு ஆகும்வரை அது நீடிக்கும்.